ஆட்சி கலைஞ்சா ஜனங்களால மீட்க முடியுமா?

1991 ஜனவரி 30. நான் அப்போ ஸ்கூல் பையன். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "ஆட்சியைக் கலைச்சுட்டாங்க." நான் கேட்டேன், "ஜனங்க எல்லாம் தெருவுக்கு வந்து சண்டை போட்டா திரும்ப வருமாப்பா?" அப்பா பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தக் குறிப்பு.

எங்கள் ஊருக்கு அந்த ஆட்சி அந்நியமில்லை. 1957-ல் தி.மு.க. முதன்முதலாக மக்களவைக்கு அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கம். வட ஆற்காட்டைப் பிரித்து எங்களைத் தனி மாவட்டமாக்கியதும் 1989 செப்டம்பரில் அதே கருணாநிதி அரசுதான். மாவட்டத்துக்கு ஒன்றரை வயது ஆகும் முன்பே அரசு போய்விட்டது.

கலைத்த விதம் விசித்திரமானது. ஆளுநர் பர்னாலா, அரசைக் கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்துவிட்டார். ஆனால் 356-ஆவது பிரிவில் ஆளுநர் அறிக்கை மூலமாகவோ "வேறு வகையிலோ" என்று இருக்கிறதே, அந்த ஒரு வார்த்தையை வைத்து சந்திரசேகர் அரசு காரியத்தை முடித்தது. கண்டனக் கூட்டங்கள் நடந்தன, கைதுகள் நடந்தன. ஆட்சி திரும்பவில்லை.

1976 ஜனவரி 31-ல் நடந்தது இன்னும் மோசம். நெருக்கடி நிலை, பத்திரிகைத் தணிக்கை, மிசா. கத்த நினைத்தவர்கள் பலரும் சிறைக்குள் போய்விட்டார்கள்.

ஆனால் பக்கத்து ஆந்திராவில் ஜனங்கள் ஜெயித்தார்கள். 1984 ஆகஸ்ட் 16-ல் ஆளுநர் ராம்லால் என்.டி.ராமராவை நீக்கிவிட்டு நாதெள்ள பாஸ்கர ராவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். இதய அறுவை சிகிச்சை முடிந்து ராமராவ் அமெரிக்காவிலிருந்து வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊர் ஊராகக் கடையடைப்பு, மறியல். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ராமராவ் சக்கர நாற்காலியில் டெல்லி போய், எம்.எல்.ஏ.க்களை ஜனாதிபதி முன் நிறுத்தினார். பிறகு அவர்களைக் கர்நாடகத்தில் பத்திரமாக வைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ராம்லால் பதவி போனது. செப்டம்பர் 16-ல் ராமராவ் மறுபடி முதல்வர்.

வித்தியாசம் எங்கே? தெலுங்கர்களுக்கு ரோஷம் அதிகம், நமக்குக் கம்மி என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆந்திராவில் முதல்வரை மட்டும்தான் மாற்றினார்கள்; சட்டசபை உயிரோடு இருந்தது. இங்கே இரண்டு முறையும் சட்டசபையையே அன்றைக்கே கலைத்துவிட்டார்கள். எங்க தொழில் பாஷையில் சொன்னால், பேக்கப்பையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அதன்பிறகு எத்தனை பேர் கத்தினாலும் ரீஸ்டோர் பண்ண எதுவும் மிச்சமில்லை. அடுத்த தேர்தல்தான் வழி.

இந்த ஓட்டையை அடைத்தது 1994 மார்ச் 11-ல் வந்த எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு. பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புக்கொள்ளும் வரை சட்டசபையைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்க மட்டும் செய்யலாம். தப்பாகக் கலைத்தால் நீதிமன்றம் திரும்ப உயிர் கொடுக்கலாம். 2016-ல் உத்தராகண்டின் ஹரீஷ் ராவத் மே 10-ல் சபையில் வாக்கெடுப்பில் ஜெயித்து ஆட்சியைத் திரும்பப் பெற்றது இந்த வழியில்தான்.

அப்பா இப்போது இருந்தால் சொல்வேன்: ஜனங்க தெருவுக்கு வந்தா ஆட்சி திரும்ப வரும்ப்பா. ஆனா, திரும்பி வர ஒரு சபை மிச்சம் இருக்கணும்.