எதை, எவ்வளவு: நீரிழிவுப் பத்தியம் கடந்து வந்த பாதை

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரைச் சுற்றி வளைத்தன. முற்றுகை மறு ஆண்டு ஜனவரிவரை நீடித்தது. உணவு அளந்து கொடுக்கப்பட்டது. குதிரை இறைச்சிக்கே மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பஞ்ச காலத்தில், தம் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்திருப்பதை அப்போலினேர் பூஷார்டா என்ற மருத்துவர் கவனித்தார். நோயாளி எதைச் சாப்பிடுகிறார் என்பதைப் போலவே எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம் என்று அவர் வலியுறுத்தத் தொடங்கினார். நீரிழிவுப் பத்தியத்தின் வரலாறே இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் நடந்த நெடிய வழக்குதான்.

முதலில் எழுந்தது ‘எதை’ என்ற கேள்வி. 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபோது அடியில் சர்க்கரை தங்கியது. இரத்தத்தின் தெளிநீரும் இனித்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர் ஜான் ரோலோ, தாவர உணவிலிருந்தே உடலில் சர்க்கரை உண்டாகிறது என்று கருதினார். மெரிடித் என்ற பருமனான கேப்டனுக்கு அவர் விதித்த பத்தியத்தில் இரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டமும் நாள்பட்ட இறைச்சியும் இருந்தன. நோயாளி தேறினார். 1797இல் ரோலோ வெளியிட்ட நூலுக்குப் பிறகு, மாவுச்சத்தை விலக்குவதே நீரிழிவு வைத்தியம் என்ற எண்ணம் மேலை மருத்துவத்தில் ஊன்றிவிட்டது.

‘எவ்வளவு’ என்ற கேள்வியை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் ஆலன். 1914 முதல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் அவர் கொடுத்தது பட்டினி வைத்தியம். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை உணவே கிடையாது. பிறகு மாவுச்சத்து கரைந்து போகும்படி மும்முறை வேகவைத்து நீரை வடித்த காய்கறிகளைச் சிறிது சிறிதாகக் கொடுப்பார்கள். பசி தாங்காத ஒரு சிறுவன் பறவைக்கு வைத்த தானியத்தையும் பற்பசையையும் எடுத்துத் தின்றதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் ஆலனைக் கொடியவர் என்று ஒதுக்குவது நியாயமன்று. குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு அந்நாளில் மரண தண்டனை. அவர் வாங்கிக் கொடுத்தது சில மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள். அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் அப்படித்தான் எலும்பும் தோலுமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1922இல் டொராண்டோவில் இன்சுலின் கிடைத்தது. அவர் 1981வரை வாழ்ந்தார்.

இன்சுலின் வந்ததும் பத்தியத்தின் பிடி தளர்ந்தது. 1936இல் லண்டனின் ஹரால்ட் ஹிம்ஸ்வர்த், இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்கும் நோயாளிகள், இணங்காதவர்கள் என்று இரு வகையினரைப் பிரித்துக் காட்டினார். உணவால் பெரிதும் மாற்றக்கூடியது இரண்டாம் வகையினரின் நோய்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்தியாவின் முதல் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவை 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியவர் பேராசிரியர் மு. விஸ்வநாதன். சோறே உணவாக இருப்பவர்களிடம் மாவுச்சத்தை அடியோடு விடச் சொன்னால் நடக்காது. மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை அவர் பரிந்துரைத்தார். மாவுச்சத்து எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு 1981இல் டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் எண்ணளவே கொடுத்தார். குளுக்கோஸை 100 என்று வைத்து, ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசீமிக் குறியீடு அது. பருப்பும் பயறும் அதில் கீழே நின்றன.

ஆனால் பெரிய திருப்பம், நோய் வருமுன் தடுக்க முடியுமா என்று கேட்டபோதுதான் வந்தது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு, முடியும் என்றது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. சர்க்கரையைத் தவிர்ப்பது, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது, தினமும் நடப்பது: பழக்கத்தை மாற்றும் பிரிவினருக்குச் சொன்ன அறிவுரை இவ்வளவுதான். 2006இல் முடிவு வெளியானது. வழக்கமான அறிவுரை பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் கவனிக்கவேண்டியது, அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஒல்லியான உடம்பிலும் நீரிழிவு வரும் நம் மண்ணுக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை.

பூஷார்டாவின் பக்கமும் சோதனைக்கு வந்தது. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவோடு சில மாதங்கள் இருந்து உடலை மெலியவைக்கும் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் 46 விழுக்காட்டினர், ஓராண்டு முடிவில் மருந்தின்றி நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தார்கள்.

சென்னை நகர மக்களின் உணவை ஆராய்ந்தவர்கள், அன்றாடக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பகுதி வெள்ளைச் சோற்றிலிருந்து வருவதைக் கண்டார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். சென்னை ஆய்வு பேசியது இந்த 13 கோடிப் பேரிடம்தான். குடும்பத்தில் நீரிழிவு இருப்பவர்கள் முப்பது வயதானதும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லையில் நின்றால், தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டுவதை அன்றே தொடங்க வேண்டும். ஏற்கெனவே மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.