நீவியஸ் திட்டம் (கொரியா)

நீவியஸ் திட்டம் என்பது கொரியாவில் புதிதாகத் தோன்றிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை எவ்வாறு வளர வேண்டும், எவ்வாறு பிறரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காக 1890களில் ஏற்றுக்கொள்ளப்பட்ட செயல்முறையாகும். சீனாவில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் ஜான் லிவிங்ஸ்டன் நீவியஸ் (1829–1893) என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. தன்னைத்தானே தாங்குதல், தன்னைத்தானே ஆளுதல், தானே பரவுதல் ஆகிய மூன்றும் இதன் அடிப்படைக் கொள்கைகள். வெளிநாட்டுப் பணத்தை நம்பி வளரும் சபை, அப்பணம் நின்றவுடன் வாடிவிடும் என்ற கவலையே இத்திட்டத்தின் தோற்றுவாய் எனலாம்.

பின்னணி

மூப்பர்கள் எனப்படும் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்களால் ஆளப்படும் சீர்திருத்தத் திருச்சபைகளே பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைகள் ஆகும். கொரியாவில் இவ்வமைப்பு வருவதற்கு முன்பே நூல்கள் வந்துவிட்டன. மஞ்சூரியாவில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ராஸ், கொரியர் சிலரின் உதவியுடன் லூக்கா நற்செய்தியை 1882 இலும், புதிய ஏற்பாடு முழுவதையும் 1887 இலும் கொரிய மொழியில் வெளியிட்டார். அவருக்கு உதவிய சொ சாங்-ரியுன் முதலானோர் நூல்களைச் சுமந்துகொண்டு நாட்டினுள் சென்றனர். ஹ்வாங்கே மாநிலத்திலுள்ள சோரே என்னும் சிற்றூரில், வெளிநாட்டார் எவரும் வந்து சேருமுன்னரே கிறித்தவர் குழு ஒன்று உருவாகியிருந்தது.

அமெரிக்க மருத்துவர் ஹொரஸ் ஆலன் 1884 இல் கொரியா வந்தார். போதகரான ஹொரஸ் அண்டர்வுட் 1885 ஏப்ரலில் வந்தார். 1887 செப்டம்பரில் சியோலில் அண்டர்வுட்டின் இல்லத்தில் 14 பேருடன் சேமுனான் சபை நிறுவப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ராஸின் உதவியாளர்கள் வழியாக நம்பிக்கைக்கு வந்தவர்கள்.

நீவியஸின் கருத்துகள்

நீவியஸ் 1854 இல் சீனா சென்று, பின்னர் சாண்டோங் மாநிலத்தில் நிலைகொண்டவர். யந்தாய் நகரில் மேனாட்டு ஆப்பிள் வகைகளை அறிமுகப்படுத்தியவராகவும் அவர் நினைவுகூரப்படுகிறார். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சம்பளம் கொடுத்து ஊழியராக்கும் அன்றைய வழக்கத்தை அவர் குறை கூறினார். சம்பளம் பெறுபவரின் சொல்லை அண்டை வீட்டார் நம்புவதில்லை. சம்பளத்திற்காகவே சிலர் சேர்கின்றனர். உழவராகவோ வணிகராகவோ இருந்து தம் ஊரில் செல்வாக்குடன் விளங்கியவர், ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டுப் பயனற்றவராகிறார் என்பன அவர் வாதங்கள். ஒவ்வொருவரும் தம் தொழிலிலேயே நிலைத்திருந்து அண்டை அயலாருக்குச் சான்று பகர வேண்டும் என்றார்.

இக்கருத்துகளின் வேர் இங்கிலாந்தின் ஹென்றி வென், அமெரிக்காவின் ரூபஸ் ஆண்டர்சன் ஆகியோரின் எழுத்துகளில் உள்ளது. ஆண்டர்சன் 1854–55 இல் யாழ்ப்பாணம், மதுரை ஆகிய இடங்களிலிருந்த அமெரிக்க மிஷன் நிலையங்களை நேரில் பார்வையிட்டவர் ஆவார்.

1890 ஆம் ஆண்டு கோடையில் நீவியஸ் சியோலுக்கு வந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தங்கினார். அங்கிருந்த மறைப்பணியாளர்களில் பலர் இருபது, முப்பது வயதினர். பழைய வழக்கங்கள் வேரூன்றாத இடமாதலால், அவருடைய முறையை முதலிலிருந்தே கைக்கொள்வது அவர்களுக்கு எளிதாயிற்று.

திட்டத்தின் கூறுகள்

1893 இல் பிரெஸ்பிட்டேரியன் மிஷன்களின் கூட்டவை இத்திட்டத்தை விரித்துத் தனது கொள்கையாக வகுத்தது. அதன் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* மேட்டுக்குடியினரைவிட உழைக்கும் மக்களிடையே பணியாற்றுவதற்கு முதலிடம் அளித்தல்.
* பெண்களைச் சென்றடைவதையும் சிறுமியரின் கல்வியையும் தனி நோக்கமாகக் கொள்ளுதல்.
* நாட்டுப்புற ஊர்களில் தொடக்கப் பள்ளிகளை நடத்துதல்.
* எல்லா நூல்களையும் சீனச் சொற்கள் கலவாத தூய கொரிய மொழியில் வெளியிடுதல்.
* கொரியரைக் கொரியரே வழிநடத்துமாறு பயிற்சி அளித்தல்.
* சபைகள் தம் செலவைத் தாமே ஏற்றல்.

நடைமுறை

கோயில்கள் உள்ளூர்ப் பாணியில், உள்ளூரார் செலவில் கட்டப்பட்டன. சோரே ஊரார் 1895 இல் தம் சொந்தப் பொருளாலும் உழைப்பாலும் எழுப்பிய கோயில் இதற்கு முன்மாதிரியாயிற்று. பணம் கையில் புழங்காத வீடுகளில், பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் அரிசியிலிருந்து சிறிது எடுத்து வைத்துச் சபைக்கு அளித்தனர். இது தமிழ்நாட்டுச் சபைகளின் பிடியரிசிக் காணிக்கையை ஒத்தது.

திட்டத்தின் மையமாக விளங்கியது சாக்யொங்ஹோ எனப்படும் வேதாகம வகுப்பாகும். உழவு ஓய்ந்த குளிர்காலத்தில் மக்கள் தம் உணவுக்கான அரிசியுடன் தொலைவிலிருந்து நடந்து வந்து, பல நாட்கள் தங்கிப் பயின்றனர். எழுதப் படிக்க எளிதான ஹங்குல் எழுத்தை அறிஞர்கள் இழிவாகக் கருதிய காலத்தில், இவ்வகுப்புகள் அவ்வெழுத்தைப் பெண்களிடையேயும் ஏழைகளிடையேயும் பரப்பின. காசுக்குப் பதிலாக நாட்களைக் காணிக்கையாகத் தரும் வழக்கமும் தோன்றியது. ஒருவர் இத்தனை நாட்கள் அண்டை ஊர்களுக்குச் சென்று நற்செய்தி அறிவிப்பதாக வாக்களிப்பார்.

வளர்ச்சி

வடமேற்கிலுள்ள பியொங்யாங் வட்டாரத்திலேயே வளர்ச்சி மிகுதியாக இருந்தது. அங்கு சாமுவேல் மொஃபெட் 1901 இல் இறையியல் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் ஆண்டில் மூன்று மாதங்கள் என ஐந்து ஆண்டுகள் பயின்று, எஞ்சிய காலத்தில் சபைகளில் பணிபுரிந்தனர். 1907 சனவரியில் பியொங்யாங் வேதாகம வகுப்பில் மக்கள் தம் குற்றங்களை வெளிப்படையாக அறிக்கையிட்ட நிகழ்வு, 'பெரும் எழுப்புதல்' என நாடெங்கும் பரவியது.

அதே ஆண்டு செப்டம்பரில் கொரியப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் முதல் ஆளுகை மன்றம் அமைக்கப்பட்டு, கில் சொன்-ஜு உள்ளிட்ட எழுவர் முதல் கொரியப் போதகர்களாக நியமனம் பெற்றனர். மன்றம் அப்போதே அவர்களுள் ஒருவரான ஈ கி-புங் என்பவரை ஜேஜு தீவுக்கு மறைப்பணியாளராக அனுப்பத் தீர்மானித்தது. இவர் இளமையில் மொஃபெட் மீது கல்லெறிந்தவர் என்று கூறப்படுகிறது.

எல்லா முயற்சிகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1909–10 இல் பத்து இலட்சம் பேரைச் சேர்க்கும் இலக்குடன் நடத்தப்பட்ட இயக்கம் அவ்விலக்கை எட்டவில்லை. 1910 ஆகத்து மாதத்தில் ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

1912 இல் பொதுப்பேரவை கூடியது. அதன் முதல் தலைவர் அண்டர்வுட். 1913 இல் கொரியப் போதகர் மூவர் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சென்ற இடம் நீவியஸ் பணியாற்றிய அதே சாண்டோங் மாநிலமாகும். நாட்டை இழந்த மக்களின் திருச்சபை மேற்கொண்ட அப்பணி 1957 வரை நீடித்தது.

மதிப்பீடுகள்

கொரியாவில் பணியாற்றிய சார்லஸ் ஆலன் கிளார்க், வளர்ச்சிக்கு இத்திட்டமே முதன்மைக் காரணம் என 1930 இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். ராய் ஷியரர் முதலிய பிற்கால ஆய்வாளர்கள், ஒரே திட்டம் எல்லா மாநிலங்களிலும் பின்பற்றப்பட்டும் வளர்ச்சி வடமேற்கிலேயே மிகுந்திருந்ததைச் சுட்டிக்காட்டினர். சாண்டோங்கில் நீவியஸின் உடன்பணியாளரான கால்வின் மட்டீர், இம்முறை அங்கு நிலையான பலன் தரவில்லை என எழுதினார். கொரியாவை அடக்கியாண்டது மேற்கு நாடு அன்று, ஜப்பான் என்பதால், கிறித்தவம் அந்நிய ஆட்சியின் சமயமாகப் பார்க்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

குறைகளும் கூறப்படுகின்றன. போதகரின் கல்வி மக்களின் சராசரி நிலையைவிடச் சற்றே உயர்ந்திருந்தால் போதும் என்று மறைப்பணியாளர்கள் கருதியது, உயர்கல்வி பெற்ற தலைமை உருவாவதைத் தாமதப்படுத்தியது. பணிக்களங்களை மிஷன்கள் மாநிலவாரியாகப் பிரித்துக்கொண்டது வட்டாரப் பற்றை வளர்த்தது என்பர்.

சோதனைக் காலம்

தன்னாட்சி பெற்ற திருச்சபை, நாட்டின் ஆட்சி பிறர் கையில் இருந்தபோது கடும் சோதனைக்குள்ளாயிற்று. 1938 செப்டம்பரில் பியொங்யாங்கில் கூடிய பொதுப்பேரவை, ஜப்பானியக் காவல்துறையின் நெருக்குதலின் கீழ், ஷிந்தோ ஆலய வணக்கத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. இதனை மறுத்த போதகர் சூ கி-சொல் 1944 இல் சிறையில் இறந்தார். ஜேஜுவுக்குச் சென்ற ஈ கி-புங் என்பவரும் இதே காரணத்திற்காகச் சிறைப்பட்டு, 1942 இல் உயிர் நீத்தார்.

1945 இல் நாடு பிரிக்கப்பட்ட பின், வடக்கிலிருந்த கிறித்தவர்கள் பெருமளவில் தெற்கே இடம்பெயர்ந்தனர். 1950களில் தென்கொரியத் திருச்சபை பல பிரிவுகளாக உடைந்தது. எனினும் வேதாகம வகுப்பு, பொதுநிலையினரின் ஊழியம், தம் செலவைத் தாமே ஏற்றல் ஆகிய வழக்கங்கள் எல்லாப் பிரிவுகளிலும் தொடர்ந்தன.