கணிப்பொறியின் அறிதுயில்

கணிப்பொறியின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் வேகத்தின் வரலாறே. எந்த ஆண்டில் எந்தச் செயலி வந்தது, முந்தையதைவிட எத்தனை மடங்கு விரைந்தது என்ற கணக்கு அது. ஆயினும், மேசைமீது நிற்கும் கணிப்பொறி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது. ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த சொல்லுக்காக நாம் யோசிக்கும் அந்த இரண்டு நொடிகள் செயலிக்கு ஒரு யுகம். அந்த ஓய்வுக்கு ஆகும் செலவைக் குறைக்க மனிதர்கள் பட்ட பாடும், குறுக்கே எது நின்றது என்பதும் சொல்லத் தக்க கதை.

கதையை 1984இலிருந்து தொடங்கலாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. ஏ.டி. கணிப்பொறி அவ்வாண்டு வெளிவந்தது. அதன் மின்வழங்கி, நம் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே அந்தப் பெட்டி, 192 வாட் திறன் கொண்டது. அக்காலத்து எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு ஒரு குணம் உண்டு. அளவுக்கு மிஞ்சிக் கேட்டால் மட்டுமல்ல, மிகக் குறைவாகக் கேட்டாலும் அவை நிலை தடுமாறும். வன்தட்டு இல்லாமல் விற்கப்பட்ட ஏ.டி.களில் இச்சிக்கல் எழுந்தது. வன்தட்டு இருக்க வேண்டிய இடத்தில், 5 ஓம் மதிப்புள்ள பெரிய மின்தடை ஒன்றை ஒரு சிறு கூண்டில் வைத்து ஐ.பி.எம். பொருத்திக் கொடுத்தது. 12 வோல்ட் கம்பியிலிருந்து சுமார் 29 வாட்டை உறிஞ்சி வெப்பமாக்குவது அன்றி அதற்கு வேறு தொழிலில்லை. கொடுப்பவன் தடுமாறாமல் இருப்பதற்காகவே ஒருவன் வாங்கிக்கொண்டிருந்தான்.

சிக்கனம் என்ற சொல் இத்துறைக்குள் மடிக்கணினியின் வழியாக வந்தது. மின்கலத்தில் ஓடும் கருவிக்கு ஒவ்வொரு வாட்டும் உயிர். இன்டெல் 1990இல் வெளியிட்ட 386 எஸ்.எல். செயலி அந்நோக்கில் பிறந்தது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற மின் மேலாண்மை முறையை வகுத்தன. அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் முத்திரையை அறிமுகப்படுத்தியது. அமெரிக்க அரசு அலுவலகங்கள் அம்முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று 1993இல் ஆணை பிறந்தபோது, சிக்கனம் வணிகமும் ஆயிற்று.

மேசைக் கணிப்பொறியின் உடலமைப்பு 1995இல் மாறியது. அதுவரை பெட்டியின் முகப்பிலிருந்த பொத்தான், வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல மின்சாரத்தையே நேரடியாக அறுத்தது. அதனால்தான் வேலையை முடித்ததும், இனி நீங்கள் அணைக்கலாம் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து காத்து நின்றது. இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில், அணைத்த பின்னும் 5 வோல்ட் கம்பி ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. பொத்தானை அழுத்துவது ஆணை என்பது போய் வேண்டுகோள் ஆயிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏ.சி.பி.ஐ. விதிகளை வெளியிட்டன. உறக்கத்துக்குப் படிநிலைகள் வகுக்கப்பட்டன.

செயலியின் உறக்கத்தைக் குறிக்க, அறிதுயில் என்ற நம் பழைய சொல்லைவிடப் பொருத்தமானது கிடைக்காது. உறங்கும்; ஆனால் அழைத்தால் நொடியின் மிகச் சிறு பின்னத்தில் விழித்தாக வேண்டும். சி1 என்ற முதற்படியில் அதன் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கிறது. எண் கூடக்கூடத் துயில் ஆழமாகிறது. சி6 நிலையில் செயலியின் உட்கரு தன் நினைவுகளை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மின்னழுத்தத்தையே ஏறக்குறைய முற்றாகத் துறக்கிறது. இன்டெலின் மேசைக் கணிப்பொறிகளுக்கு 2008இன் நெஹாலம் செயலிகளோடு இந்த ஆழம் வந்து சேர்ந்தது.

2013 ஜூனில் ஹாஸ்வெல் செயலிகள் வந்தபோது பழைய சிக்கல் புதிய உருவில் திரும்பியது. ஆழ்துயிலில் ஹாஸ்வெல் 12 வோல்ட் கம்பியிலிருந்து கேட்கக்கூடிய மின்னோட்டம் 0.05 ஆம்பியர் அளவுக்குத் தாழலாம் என்று இன்டெல் அறிவித்தது. அதாவது, அரை வாட்டுக்குச் சற்று மேல். அதற்கு முன் மின்வழங்கிகள் எதிர்பார்த்த குறைந்தபட்சம் 0.5 ஆம்பியர். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பசியைப் பரிமாறுபவர் தாங்குவாரா என்பதே கேள்வி.

மலிவான பல மின்வழங்கிகளில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இருந்தன, ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளைப்போல. 5 வோல்ட் கம்பியில் சுமை இருக்க 12 வோல்ட் கம்பி வெறுமையானால், முன்னதைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சியில் பின்னது எகிறும். எல்லை மீறியதும் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு அனைத்தையும் அணைத்துவிடும். துயில் மரணமாகிவிடும். விலை கூடிய வடிவமைப்புகளோ முதலில் 12 வோல்ட்டை மட்டும் உண்டாக்கி, மற்றவற்றை அதிலிருந்தே பிரித்தெடுத்தன. அவற்றில் 5 வோல்ட்டின் சுமையும் 12 வோல்ட்டின் சுமையே என்பதால் நுகம் சாயவில்லை.

பழைய மின்வழங்கிகள் எல்லாமே தோற்றுவிடும் என்பதல்ல. பலவற்றில் மின்விசிறியும் வன்தட்டும் அதே 12 வோல்ட் கம்பியைப் பகிர்ந்துகொண்டன. செயலி கேட்காவிட்டாலும் அவை கேட்டன. ஆனால் எந்தப் பெட்டி தாங்கும், எது தாங்காது என்பது வாங்குவோருக்கு வெளியிலிருந்து தெரியாது. மின்வழங்கி நிறுவனங்கள் தத்தம் பொருத்தப் பட்டியல்களை வெளியிட்டன. தாய்ப்பலகை செய்வோர் வேறு வழி தேடினர். பயாஸ் பட்டியலில் சி6, சி7 நிலைகளை அணைத்து வைத்தே பலகைகளை அனுப்புவது அவர்களுள் பலரின் வழி.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பயாஸைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? திறக்காதவரின் மேசையில், உறங்கக் கற்ற செயலி ஆழ்துயில் கொள்ளாமலே கிடந்தது. கூண்டிலிருந்த மின்தடை 1984இல் கண்ணுக்குத் தெரிந்தது, தொட்டால் சுட்டது. 2013இல் அதன் வேலையைப் பட்டியலின் ஒரு வரி ஓசையின்றிச் செய்தது. ஒரு பெட்டியில் வீணாவது சில வாட்டுகளே; ஆனால் அப்பெட்டி ஆண்டுக்கணக்கில் ஓடுவது.

பின்னர் இன்டெல் 12 வோல்ட் மட்டுமே வழங்கும் ஏ.டி.எக்ஸ்.12 வி.ஓ. என்ற அமைப்பை முன்வைத்தது; அதற்கான தாய்ப்பலகைகள் 2020இல் வெளிவந்தன. இரட்டை மாட்டு நுகத்தையே கழற்றும் முயற்சி அது. எனினும் பழைய பெட்டிகள் எளிதில் சாவதில்லை. அக்காலத்து ஹாஸ்வெல் கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டில் இன்னும் உழைக்குமாயின், மின்வழங்கியின் வகையை அறிந்துகொண்டு, பயாஸில் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். அதற்கும் உறங்கும் உரிமை உண்டு.