விளையாட்டு விதியும் வரலாற்றுக் கூற்றும்: 'தி ஆரிகன் டிரெயில்' கணினி விளையாட்டில் தொல்குடியினர்

சமூக அறிவியல் வகுப்பில் கணினி விளையாட்டைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுங்கால், அது மாணவரை ஈர்க்கிறதா என்பதே முதல் வினாவாக அமைகிறது. எத்தகைய வரலாற்றைக் கற்பிக்கிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. இவ்வகை விளையாட்டுகளுள் மூத்த ஒன்றான 'தி ஆரிகன் டிரெயில்' உருவான முறை இவ்விரண்டாம் வினாவிற்கு உரிய சான்றுகளைத் தருகிறது.

1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் எட்டாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்த பயிற்சி ஆசிரியர் டான் ராவிட்ச், குடியேறிகளின் மேற்குநோக்கிய பயணத்தை விளக்கப் பலகை விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டார். அவருடைய நண்பர்களும் பயிற்சி ஆசிரியர்களுமான பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் ஆகியோர் அதனை இரு வாரங்களுக்குள் கணினி நிரலாக்க உதவினர். திரை ஏதும் இல்லை. தொலைத்தட்டச்சுப் பொறியின் காகிதச் சுருளிலேயே மாணவர் தம் பயணத்தைப் படித்தனர். பருவ இறுதியில் நிரல் அச்சிடப்பட்டுக் கணினியிலிருந்து நீக்கப்பட்டது.

1974இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி நிறுவனத்தில் சேர்ந்த ராவிட்ச், அந்த அச்சுப்படியைக் கொண்டு நிரலை மீண்டும் உள்ளிட்டார். அதன்பின் அவர் செய்த திருத்தமே இங்குக் கருதத்தக்கது. பயணம் சென்றோரின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய், வானிலை, வண்டிப் பழுது முதலியன நேரும் வாய்ப்பளவுகளை அவற்றிற்கேற்ப மாற்றியமைத்தார். உணவு கிடைக்குமிடத்தைத் தொல்குடியினர் காட்டி உதவும் நிகழ்வும் நிரலில் உள்ளது. தாக்கக்கூடியவர்களோ 'குதிரைவீரர்' என்று மட்டுமே குறிக்கப்படுகின்றனர். அவர்கள் இன்ன இனத்தார் என நிரல் கூறுவதில்லை. திரைப்படங்கள் பரப்பிய 'கொடிய செவ்விந்தியர்' என்னும் படிமத்திலிருந்து இது தெளிவான விலகலாகும். ஜான் அன்ரூ 1979இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. 1840 முதல் 1860 வரை தொல்குடியினரால் கொல்லப்பட்ட பயணியர் 362 பேர். பயணியரால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர் என அவர் கணக்கிட்டார். நிகழ்தகவு எண் என்பது இங்கு வெறும் கணக்கன்று, வரலாற்றுக் கூற்றே.

எனினும் எண்களைத் திருத்துவதால் மட்டும் நோக்குநிலை மாறிவிடுவதில்லை. மாணவர் என்றும் வண்டியின் உரிமையாளரே. ஆரிகனை அடைந்தவுடன் விளையாட்டு முடிந்துவிடுகிறது; அந்நிலம் யாருடையது என்னும் வினா எழுவதற்கே இடமில்லை. திருமணமான குடியேறிகளுக்கு 640 ஏக்கர் வரை வழங்கிய 1850ஆம் ஆண்டுச் சட்டம் இம்முடிவிற்கு அப்பால் நிற்கிறது.

2019இல் எலிசபெத் லாபென்சே வடிவமைப்பில் வெளிவந்த 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்' அவ்விருக்கையை மாற்றியது. அதில் மாணவர், 1890களில் நிலப் பங்கீட்டுக் கொள்கையால் மினசோட்டாவிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கலிபோர்னியா நோக்கிச் செல்லும் அனிஷினாபே இனத்தவர். பழைய விளையாட்டு எழுதப்பட்டதும் அதே மினசோட்டாவில்தான்.

வகுப்பறைக்கு இவ்விரண்டையும் அருகருகே வைப்பது பயன் தரும். பழைய விளையாட்டின் நிரல்வரிகள் 1978இல் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' இதழில் அச்சாயின. எனவே எந்நிகழ்விற்கு எவ்வளவு வாய்ப்பு அளிக்கப்பட்டது என்பதை மாணவரே வரிவரியாகப் படித்து, குடியேறிகளின் நாட்குறிப்புகளோடு ஒப்பிட இயலும்.