மனைக்குரிய மலர்ச்செடிகள்: ஒரு வரலாற்று நோக்கு

திருவிழாக் காலங்களில் நாம் செல்லும் ஊர்களிலெல்லாம் அன்பர்கள் தவறாது வினவும் வினா ஒன்றுண்டு. "புதிதாக வீடு கட்டியிருக்கிறோம், பூசைக்கு உதவும் பூச்செடிகளாக எவற்றை வைக்கலாம்?" என்பதே அது. வினா எளியது. விடையோ ஈராயிரம் ஆண்டுச் செய்தியைத் தன்னுள் அடக்கியது. செடி விற்கும் பண்ணைகளில் கண்ணைக் கவரும் வண்ணங்களைக் கண்டு வாங்கி வந்து வைத்துவிட்டு, பின்னர்ப் பூசைக்கு மலர் வேண்டுமென்று கடைவீதிக்கு நடப்பவர் பலர். ஆதலின் இம்மண்ணில் மலர் எவ்வாறு போற்றப்பட்டது, எம்மலர் எங்கிருந்து வந்தது என்பதை முதற்கண் கண்டு, அதன்மேல் தேர்வு செய்யப் புகுவதே முறையாம்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டை அறியாத தமிழர் இலர். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டு அவர் அதனைப் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. தலைவியும் தோழியும் மலைச்சாரலிற் கொய்து பாறையிற் குவித்த பூக்களாகக் காந்தள் தொடங்கித் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அதன்கண் அடுக்கப்பெற்றுள்ளன. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அவர்கள் கைக்கு எட்டிய சுவடிகளில் அம்மலர்ப் பெயர்களுட் சில சிதைந்து போயிருந்தன. பாட்டின் மலர்கள் உதிர்ந்தனவே என்று வருந்தித் தேடிச் சென்ற அப்பெரியார், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார்கள். பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டு அச்சேறியது. சைவத் திருமடம் ஒன்றன் ஏட்டறை சில பூக்களின் பெயர்களைக் காத்துத் தந்தது. இன்று பெயர்கள் நூலில் உள. பூக்களுட் பலவற்றையோ நம் பிள்ளைகள் கண்ணாற் கண்டதில்லை. பெயர் உதிர்ந்தால் ஏட்டிலே தேடலாம். செடியே உதிர்ந்தால் எங்கே தேடுவது?

இனி, மலர்த்தொண்டின் இலக்கணத்தைப் பெரிய புராணத்திற் காண்போம். இரண்டாம் குலோத்துங்கன் காலமாகிய பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய அந்நூல், திருப்புகலூர் முருக நாயனாரது தொண்டை விரித்துரைக்கிறது. வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் தனித்தனிக் கூடைகளில் எடுத்து, இண்டையும் தாமமும் தொடையும் ஆகத் தொடுத்துச் சாத்துதல் அவர் செய்த பணி. மரத்தில் மலர்வது கோட்டுப்பூ. கொடியில் மலர்வது கொடிப்பூ. நீரில் மலர்வது நீர்ப்பூ. தாழ்ந்த செடிகளில் மலர்வது நிலப்பூ. தோட்டம் அமைப்பார்க்கு இதனினும் சிறந்த வகைப்பாடு வேறில்லை என்பது நம் துணிபு. நிழலுக்கொரு மரம், பந்தலுக்கொரு கொடி, தொட்டியிலொரு நீர்ப்பூ, வேலியோரத்துச் சில செடிகள் என அமைத்தால் சிறுமனையும் நிறைவு பெறும்.

மலர் விஷயத்தில் அக்காலத்தார் எத்துணைக் கண்டிப்புடையவர் என்பதற்குக் கருவூர்ச் சிவகாமியாண்டாரது பூங்கூடையைப் பறித்த பட்டத்து யானையை எறிபத்தர் வெட்டி வீழ்த்தியதும், திருவாரூரில் பூமண்டபத்து மலரை மோந்த அரசியின் மூக்கைச் செருத்துணையார் அரிந்ததும் சான்றாவன. அச்செயல்களின் கடுமை கேட்போரை நடுங்கச் செய்யும். ஆயின் மலர் என்பது அலங்காரப் பொருளன்று, பூசைத் திரவியம் என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எவ்வளவு ஆழ்ந்திருந்தது என்பதே நாம் கொள்ளத் தக்கது.

இது புராணத்தோடு நின்றதன்று, கல்வெட்டுக்களும் பேசுகின்றன. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்டவை. குடவோலை முறையைப் பற்றி மட்டுமே அவற்றைப் பலரும் எடுத்துரைப்பர். நாம் காட்ட விரும்புவது வேறு. அங்கே முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தவர்களுள் சம்வத்ஸர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என வகுத்தனர். சம்வத்ஸர வாரியத்துக்கு உரியவரைக் கொள்ளும்போது, முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களை நோக்கினர். தோட்டத்தை ஒழுங்காகப் பார்த்தவனிடமே ஊரை ஒப்படைக்கலாம் என்று கருதினர் போலும்! தோட்ட வாரியம் பூந்தோட்டத்தை மட்டும் குறித்ததன்று. எனினும் தோட்டப் பணியை ஏவலர் வேலையென அவர்கள் இகழவில்லை என்பது தெளிவு.

சோழர் காலத்துத் திருக்கோயில்களில் நந்தவனத்துக்கென விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம் எனப்பட்டது. இறைவனுக்குச் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம் எனப் பெயர் பெற்றது. நந்தவனம் செய்வார்க்கும் மாலை தொடுப்பார்க்கும் நிலமும் நெல்லும் ஒதுக்கிய செய்திகள் கல்வெட்டுக்களில் மிகுதி. இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவுறச் செய்த தஞ்சைப் பெரிய கோயிலில், திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலமும் சண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் வாங்குதற்குப் பொன் வைத்த செய்தியைக் கல்லிற் காண்கிறோம். மொட்டுக்களைச் சாத்தலாகாது என்னும் விதிக்குச் சண்பகத்தை விலக்காகப் பெரியோர் சொல்வதும் இங்கு நினைக்கத் தக்கது.

பதினாறாம் நூற்றாண்டில் திருவாரூரில் விளங்கிய கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்றே ஒரு நூல் செய்தனர். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்னும் எட்டும் அட்ட புட்பம் என்று சைவர் போற்றுவர். விலக்குக்களும் உள. சிவபெருமானுக்குத் தாழம்பூவும், விநாயகருக்குத் துளசியும், வைரவருக்கு நந்தியாவட்டமும், சூரியனுக்கு வில்வமும் ஆகா. கொய்த பின் வைத்துச் சாத்துதற்கும் கால எல்லை வகுத்தனர். வில்வத்துக்கு ஆறு மாதம். தாமரைக்கு ஏழு நாள். அலரிக்கு மூன்று நாள். நாள்தோறும் பறிக்க இயலாதவர் எச்செடியை வைப்பது என்பதற்கு இவ்வெல்லையே விடை கூறும். ஒரு வில்வ மரம் உள்ள வீட்டில் பூசை தடைப்படுவதில்லை.

இனி அன்பர்கள் தயங்கும் இடத்துக்கு வருவோம். நம் சந்நிதிகளில் இன்று குவியும் மலர்களுட் பல கடல் கடந்து வந்தவை. நிலச்சம்பங்கி மெக்சிகோ நாட்டுக்குரியது. சண்பகத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. ஒலியொற்றுமை கொண்டு மயங்குவோர் பலர். துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவினின்று வந்ததே. பழைய சாமந்தி சீன தேசத்தது. கோயில் மதிலோரம் வெண்ணிறமாய்ப் பூத்துக் குலுங்கும் ஈழத்தலரி அமெரிக்கக் கண்டத்தது. ஈழத்து வழியாக நம்மவர்க்கு அறிமுகமாகியிருக்க வேண்டுமென்பதைப் பெயரே காட்டுகிறது. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவின் செடி. குருதிப் புற்றுநோய்க்குரிய மருந்துகளை அதிலிருந்து மருத்துவ நூலார் எடுத்துள்ளனர். சுடுகாட்டுப்பூ என்று சிலர் அதனை ஒதுக்குவது எத்துணைப் பேதைமை! காகிதப்பூவோ பிரேசில் நாட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய பிரெஞ்சு மாலுமி பூகன்வீல் என்பவரின் பெயரால் மேனாட்டார் அதனை வழங்குவர். வேலிக்கு அழகு, மணமில்லை.

"அங்ஙனமாயின் இவற்றைச் சாத்துதல் தகுமோ?" எனின், நாகலிங்க மரத்தை எண்ணிப் பார்க்க. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் கயானாப் பகுதி. அம்மலரின் நடுவே இலிங்க வடிவும் மேலே நாகபடம் கவிந்தது போன்ற அமைப்பும் இருத்தல் கண்டு, நம் முன்னோர் அதனைச் சிவாலயங்களில் நட்டு வளர்த்தனர். தேசத்தைக் கேட்டு மலரைத் தள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆதலின் மணமும் தூய்மையும் உடைய மலர் எத்தேசத்ததாயினும் சாத்துதலிற் குற்றமில்லை என்பதே நம் கருத்து. இதற்கு உடன்படாத பெரியோரும் உளர். அவர்கள் பழைய எட்டு மலர்களையே கொள்க. ஆயின் நெகிழிப் பூமாலையைச் சாத்துதற்கு எந்நூலிலும் இடமில்லை. வந்த மலரை ஏற்பது வேறு, இருந்த மலரை இழப்பது வேறு. நமக்குக் கவலை தருவது பின்னதே. பல ஊர்களில் நந்தவனம் என்று பெயர் மட்டும் எஞ்சிய நிலத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைக் காண்கிறோம்.

தேர்வுக்கு வருவோம். நஞ்சுடைய செடிகளைப் பற்றி முதலில் எச்சரிப்பது நம் கடமை. செவ்வரளியும் வெள்ளரளியும் பூசைக்கு உகந்தவை. நீர் குறைந்த நிலத்திலும் தழைப்பவை. எனினும் இலை, பூ, தண்டு, வேர் யாவும் நஞ்சு. தங்கரளியின் கொட்டை மேலும் கொடிது. கேரளத்தில் 2024ஆம் ஆண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் வாரியம், நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாது என்று விலக்கியது, அர்ச்சனைக்கு விலக்கவில்லை. அதுவே நல்ல நெறி. தவழும் குழந்தையும் கட்டிய கன்றும் உள்ள மனையில் அரளியை எட்டாத மூலையில் வைக்க. கொய்த கையை நன்கு கழுவுக. பிரசாதத் தட்டில் அதனை இடற்க. தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கும் கடுநஞ்சு என்பதை நினைவிற் கொள்க.

நந்தியாவட்டை இல்லறத்தார்க்கு வாய்த்த செல்வம். மழைக்காலத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டாற் போதும். அரைநிழலிலும் வளர்ந்து ஆண்டு முழுவதும் பூக்கும். கிள்ளும்போது வடியும் பால் கண்ணிற் படாமற் பார்த்துக் கொள்ள வேண்டும். செம்பருத்திக்கு வெயில் வேண்டும். மாவுப்பூச்சி பற்றினால் வேப்பெண்ணெயை நீரிற் கலந்து தெளித்தல் தகும். தும்பையை எவரும் விதைப்பதில்லை. மழை பெய்தால் தானே முளைக்கும். அதனைக் களையென்று பிடுங்காதிருந்தாலே போதும்.

மல்லிகை பற்றிச் சிறிது விரித்துரைப்போம். வைத்தவர் பலரும் பூக்கவில்லையெனக் குறை கூறுவது இதனையே. குண்டுமல்லிக்கு நாள் முழுவதும் வெயில் படவேண்டும்; சுவர் நிழலில் இலைதான் மிகும். கார்த்திகைக் கடைசியில் முழங்கால் அளவுக்குக் கவாத்து செய்து, தொழுவுரம் இட்டு நீர் விட்டால், பங்குனி முதல் ஆனி வரை பூக்கும். வெட்டுவதற்கு மனமிரங்கி அப்படியே விட்டால் செடி ஓங்குமே தவிரப் பூ குறையும். இராமேசுவரம் அருகிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகை நாற்றுக்கள் பல ஊர்களுக்குச் செல்கின்றன. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தமையை அன்பர்கள் அறிவர்.

பவளமல்லியை முற்றத்தின் ஓரத்தில் வைக்க. இரவில் மலர்ந்து வைகறையில் உதிரும். உதிர்ந்த பூ ஆகாதென்னும் விதிக்கு இதனை விலக்காகக் கொள்வது வழக்கம். ஆயினும் மாலையிலேயே மரத்தடியிற் சலவைத் துணியொன்றை விரித்து வைப்பது நன்று.

மாடி வீடுகளில் வாழ்வார்க்கும் நீர்ப்பூ எட்டாததன்று. அகன்ற சிமெண்டுத் தொட்டியின் அடியில் குளத்து வண்டலை இட்டு, ஆம்பற் கிழங்கையோ தாமரைக் கிழங்கையோ ஊன்றி, வெயில் படும் இடத்தில் வைத்து, கொசுப் புழுக்களை உண்ணச் சிறு மீன்கள் இரண்டு மூன்றை விட்டால் போதும். திருவாரூர்த் தியாகேசருக்கு உகந்ததாகப் போற்றப்படும் செங்கழுநீரை வளர்க்க விரும்புவோர், அதனை அறிந்த முதியோரைக் கொண்டு கிழங்கு தேர்க. அப்பெயரால் வேறு ஆம்பல்களை விற்பாரும் உளர்.

கோட்டுப்பூக்களில் கொன்றை வேனிலில் பொன்னாய்ப் பூப்பது; தெருவோரத்துக்கும் ஏற்றது. திருவண்ணாமலைத் தலமரமாகிய மகிழமும், மயிலைத் தலமரமாகிய புன்னையும் நல்ல நிழல் தருவன; கிணற்றுக்கும் சுவருக்கும் விலக்கி நடுதல் வேண்டும். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த பாதிரியோ பெருமரம். அட்ட புட்பத்துள் இன்று காண்பதற்கு அரிதாகி வருவதும் அதுவே. அதனை ஒரு தொட்டியிலோ மூன்றடி முற்றத்திலோ வளர்த்தல் இயலாது. மனையில் இடமில்லாதவர், மழைக்காலத் தொடக்கத்தில் பாதிரிக் கன்றொன்றைத் தேடி வாங்கி, தம் ஊர்க் கோயில் நந்தவனத்தில், கிணற்று நீர் எட்டும் இடமாகப் பார்த்து, முள்வேலி கட்டி நட்டு, முதல் இரண்டு வேனிலுக்குத் தாமே நீர் சுமந்து ஊற்றுவாராக.