பேதிச் சரக்கும் அதன் துணைகளும்: குடற்றசை பற்றிய மருத்துவ அறிவு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வழி

யாழ்ப்பாணத்துக் கொடிகாமச் சந்தையில் வேர்க்கொம்பும் (உலர்ந்த இஞ்சி) மிளகும் ஓமமும் கறிச்சரக்காகவே விலைப்படுகின்றன. பரியாரியார் எழுதிக் கொடுக்கும் துண்டில் அவையே மருந்துச் சரக்காகிவிடும். குறிப்பாக, பேதி மருந்துகள் பலவற்றில் இவற்றுள் ஒன்றிரண்டு கூடவே வரும். மலச்சிக்கலுக்குச் சித்த மருத்துவர் பரவலாகக் கொடுக்கும் நிலாவாரைச் சூரணத்தைப் பார்க்கலாம். அதில் மலத்தை இளக்கி வெளியேற்றும் சரக்கு நிலாவாரை இலை. அதனோடு வேர்க்கொம்பு, மிளகு, ஓமம், வாய்விடங்கம், சர்க்கரை ஆகியன சேர்கின்றன. வாய்விடங்கம் பூச்சிக்கு, சர்க்கரை சுவைக்கு. வேர்க்கொம்பும் மிளகும் ஓமமும் எதற்கு? நிலாவாரை தனியாகவே பேதியாக்கக் கூடியது என்பதால் இந்தக் கேள்வி முக்கியமாகிறது. குடற்றசையை முடுக்கும் சரக்கோடு அத்தசையின் இழுப்பைத் தளர்த்தும் சரக்கைச் சேர்த்துக் கொடுத்ததே மரபு மருத்துவத்தின் உண்மையான கண்டுபிடிப்பு என்பதும், ஒற்றை மூலக்கூறைத் தேடிய இருபதாம் நூற்றாண்டு ஆய்வு அதில் ஒரு பாதியை மட்டுமே கண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

யாழ்ப்பாண அரசர்களின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஏட்டுச் சுவடிகளாகப் பரம்பரை பரம்பரையாகக் கைமாறி வந்தவை. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றை அச்சேற்றினார். இந்நூல்கள் நிற்கும் மரபில் உடலின் அசைவெல்லாம் வாயுவின் தொழில். மலசலத்தைக் கீழ்நோக்கித் தள்ளுவது அபானன் என்னும் வாயு. அபானன் தடைப்பட்டால் மலச்சிக்கல், வயிற்றுப் பொருமல். நிலைகுலைந்தால் வயிற்றுக்குத்து, வயிற்றுளைவு. அபானன் என்பது குடற்சுவரின் நரம்புவலைதான் என்று இன்று எழுதுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. குடலைத் தனியே எடுத்து அளந்து பார்க்காத காலத்துக் கருத்துக்கு நம் காலத்துப் பொருளை ஏற்றுவது வரலாறாகாது. ஆனால் ஒரு கவனிப்பு அந்நூல் மரபில் தெளிவாகவே இருக்கிறது: மலம் வெளியேறுவது ஒன்று, அப்போது வயிறு முறுக்கி இழுப்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்ததனால்தான் பேதிக்கு ஒரு சரக்கும் இழுப்புக்கு வேறு சரக்கும் வைத்தார்கள். பேதி மிஞ்சினால் நிறுத்துவதற்கு மோர், எலுமிச்சைச் சாறு என்று முறிவும் சொல்லி வைத்தார்கள். விளக்கம் தவறாக இருக்கலாம், கவனிப்புத் தவறவில்லை.

குடலின் அசைவைத் தசையின் வேலையாகக் காணும் அறிவு யாழ்ப்பாணத்துக்குத் தமிழிலேயே வந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார்; 1860களில் தமிழ்வழியே மருத்துவம் பயிற்றத் தொடங்கினார்; மாணவர்களோடு சேர்ந்து உடலமைப்பு, உடற்றொழில், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். டால்ரனின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ என வெளிவந்தது 1883இல். தசை நார் சுருங்கி உணவைத் தள்ளுகிறது என்ற விளக்கத்தைத் தமிழ் மட்டுமே கற்ற ஒருவர் படிக்கக்கூடிய நிலை அதனால் உண்டாயிற்று. இது சிறிய காரியமல்ல. எனினும் இரண்டு மருத்துவங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தும், பரியாரியாரின் சூரணத்தை இந்தப் புதிய உடற்றொழிலைக் கொண்டு சோதிக்கும் முயற்சி அன்று எழவில்லை. சோதிக்கும் கருவியும் அப்போது இல்லை. பெயிலிசும் ஸ்டார்லிங்கும் குடலின் சுற்றுச்சுருக்கு அசைவு நடக்கும் முறையை விளக்கியது 1899இல். வெட்டியெடுத்த குடற்துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, அதன் சுருக்கத்தைப் பதிவு செய்யும் முறையை றுடோல்ப் மக்னுஸ் 1904இல் வெளியிட்டார். கரைசலில் ஒரு துளி மருந்தை இட்டதும் குடற்துண்டு சுருங்குகிறதா தளர்கிறதா என்று கண்ணால் காணலாம். பிற்காலத்தில் மூலிகைகளைப் பற்றி எழுந்த ஆய்வில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடிக் கலத்தில் நடந்ததுதான்.

அந்த ஆய்வு முதலில் முடுக்கும் சரக்குகளின் மூலக்கூறுகளையே தேடியது. நிலாவாரையின் செனோசைட்டுகளை ஆதர் ஸ்டோலும் உடனாய்வாளர்களும் 1941இல் சுவிற்சர்லாந்தில் பிரித்தெடுத்தனர். இவை சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பற்றீரியாக்கள் இவற்றை உடைத்து ரெயின் அந்திரோன் என்னும் பொருளாக்குகின்றன. அதுவே பெருங்குடலின் அசைவைக் கூட்டி, நீர் மீண்டும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரவில் குடித்த சூரணம் விடியத்தான் வேலை செய்வதன் காரணம் இதுவே. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் செல்லும். ஆமணக்கெண்ணெயின் கதை இன்னும் சுவையானது. அது குடலின் உட்படையை உறுத்தி நீரை ஊறச் செய்வதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2012இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் எலிகளில் வேறொன்றைக் காட்டினர். எண்ணெய் செரிக்கும்போது விடுபடும் ரிசினோலிக் அமிலம், குடலின் மழமழப்பான தசைக் கலங்களிலுள்ள ஈபி3 என்னும் புரோஸ்டாகிளாண்டின் வாங்கியைத் தூண்டுகிறது. அந்தத் தசையில் மட்டும் இவ்வாங்கியை நீக்கிய எலிகளுக்கு எண்ணெய் கொடுத்தும் பேதியாகவில்லை. கருப்பைத் தசையும் இதே வாங்கியாற்றான் சுருங்கியது. கர்ப்பிணிக்கு ஆமணக்கெண்ணெய் ஆகாது என்ற எச்சரிக்கைக்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

துணைச் சரக்குகளின் பக்கம் ஆய்வு திரும்பியது பிந்தித்தான். கராச்சியிலுள்ள ஆகா கான் பல்கலைக்கழகத்தில் கிலானியும் அவருடைய மாணவர்களும் 2005இல் வெளியிட்ட இஞ்சி ஆய்வு என் வாதத்துக்கு மையமானது. ஒரே சாறு எலியின் இரைப்பைத் தசையை அசற்றைல்கோலின் போலச் சுருங்கச் செய்தது. முயலின் சிறுகுடலிலோ கல்சியம் கலத்துக்குள் புகும் வழியை அடைத்துத் தசையைத் தளர்த்தியது. முடுக்குவதும் தளர்த்துவதும் ஒரே கிழங்கில் அடங்கியிருக்கின்றன. அதே ஆய்வுகூடத்தில் ஓமமும் வசம்பும் கல்சிய வழியை அடைத்துக் குடலைத் தளர்த்துவது காட்டப்பட்டது. மிளகின் பைப்பரின் எலிகளில் குடலோட்டத்தைத் தாமதப்படுத்தியது. பேதிச் சூரணத்தில் குடலோட்டத்தைத் தடுக்கும் சரக்கு ஏன் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கேட்பார். பெருங்குடல் தள்ள வேண்டும், ஆனால் இழுத்துப் பிடிக்கக்கூடாது என்பதே நோக்கமானால், அந்த முரண்பாடு மறைந்துவிடுகிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, வேர்க்கொம்பும் ஓமமும் கசப்பையும் குமட்டலையும் மறைக்கவே சேர்ந்தன என்பது. பிரித்தானிய மருந்து நூலும் நிலாவாரைக் கசாயத்தில் இஞ்சி சேர்த்தது. எடின்பரோவின் கிரெகரி பொடி என்னும் பேதி மருந்திலும் இஞ்சி உண்டு. அரபு மருத்துவர் வழியாகவே நிலாவாரை ஐரோப்பாவுக்குப் போயிற்று. எனவே துணைச் சரக்கும் கூடவே பயணித்திருக்கலாம். இவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக நான் எண்ணவில்லை. ஆயினும் இந்திய மருத்துவத்தில் நெடும்பழமையுடைய ஆமணக்கெண்ணெயும் கடுக்காயும் வேர்க்கொம்போடு சேர்ந்தும் வழங்கின. சுவையே காரணமாயின் சர்க்கரையோடு நிறுத்தியிருக்கலாம். மிளகு யாருடைய நாவுக்கும் மருந்தை இதமாக்காது.

இரண்டாவது மறுப்புக் கனமானது. கண்ணாடிக் கலத்தில் தளரும் முயற்குடல் மனிதனின் வயிற்றுளைவு அல்ல; கரைசலில் இட்ட அளவு ஒரு சிட்டிகை சூரணத்தால் குடலில் கிட்டாமற் போகலாம். மேலும், நிலாவாரை எட்டு மணித்தியாலம் கழிந்து பெருங்குடலில் வேலை செய்யும்போது, முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட இஞ்சிச் சத்து அங்கே இருக்குமா? இதற்குச் சில விடைகள் உண்டு. 1.2 கிராம் இஞ்சி உட்கொண்ட 24 நலமானவர்களில் இரைப்பை காலியாவது விரைவுபட்டதை 2008ஆம் ஆண்டு தைவான் ஆய்வு காட்டியது. ஆக, உண்ணும் அளவிலேயே மனித இரைப்பையில் விளைவு உண்டு. இஞ்சிச் சத்துகள் உடலில் மாற்றமடைந்த வடிவில் இரத்தத்திலும் பெருங்குடல் இழையத்திலும் இருப்பதும் மனிதரில் அளக்கப்பட்டுள்ளது. இவை மறுப்பை முற்றாக முடித்துவிடவில்லை. ஆனால் சரக்கு பெருங்குடலை எட்டவே எட்டாது என்ற முடிவுக்கு இடமில்லாமற் செய்கின்றன.

மூன்றாவது, மரபைப் புகழ்வது ஆபத்தை மறைக்கும் என்பது. இதை முழுமனதோடு ஏற்கிறேன். சித்தர் தேரையர் மரபு நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி குடிக்கச் சொல்கிறது. நலமான உடலுக்கு, அதிலும் சிறுபிள்ளைக்கு, அப்படிச் செய்வதால் நீரும் உப்பும் வீணாக இழக்கப்படும். பேதிக்கு வழங்கும் நேர்வாளத்தைச் சுத்தி செய்து தோலும் உள்முளையும் நீக்கிய பின்னும் அது கொடிய விதையே. நிலாவாரையை மாதக்கணக்கில் தொடர்ந்தால் பெருங்குடலின் உட்படை கருமை படரும். குடலடைப்பில் முடுக்கும் மருந்து உயிரையே எடுக்கலாம். துணைச் சரக்கு இழுப்பைத் தணிக்கலாம். ஆனால் தவறான இடத்தில் கொடுத்த பேதியைச் சரியாக்காது.

கூட்டுமருந்தைக் கூட்டாகவே சோதிப்பது இயலாத காரியமன்று. உலர்ந்த இஞ்சி, ஜின்செங், மிளகு போன்ற ஒருவகைக் காய், மால்ற் சர்க்கரை சேர்ந்த டைகென்சூட்டோ என்னும் கூட்டுமருந்தை, வயிற்று அறுவைக்குப் பின் குடல் அசையாத நோயாளர்களுக்கு ஜப்பானிய மருத்துவர்கள் கொடுத்து ஒப்பீட்டு ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். முடிவுகள் எல்லாம் ஒரே திசையில் இல்லை. ஆனால் கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது. கொடிகாமத்திலிருந்து ஏ9 வீதியில் சாவகச்சேரி தாண்டினால் வரும் கைதடியில், 1984இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடக்கிறது. தென்மராட்சி நோயாளர் அங்கு நாளும் வருகிறார்கள். அங்கே இப்படிச் சோதிக்கலாம்: நிலாவாரை மட்டும் ஒரு பிரிவினருக்கு, முழுச் சூரணம் மற்றொரு பிரிவினருக்கு, செனோசைட்டின் அளவு இரண்டிலும் ஒன்றாக. மலம் வந்த நேரத்தையும் வயிற்றுக்குத்தின் கடுமையையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். பேதி இரண்டிலும் ஒரே அளவில் நடந்து, முழுச் சூரணம் குடித்தவர்களுக்கு இழுப்புக் குறைந்திருந்தால் இங்கே முன்வைத்த வாதம் நிற்கும். இழுப்பும் ஒரே அளவாயின், வேர்க்கொம்பும் மிளகும் ஓமமும் வெறும் வழக்கத்தால் வந்தவை என்று எழுதிவிடலாம்.