மார்மன் என்றொரு சொல்: கண்ணீர் அஞ்சலி

தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இல்லாத நாள் கிடையாது. தோற்றம், மறைவு, நடுவில் பாஸ்போர்ட் சைஸ் படம், கீழே பேரன் பேத்திகள் வரை பெயர்ப் பட்டியல். நானும் ஒரு போஸ்டர் ஒட்ட வேண்டியிருக்கிறது. படம் கிடையாது. செத்தது ஒரு சொல்: மார்மன். தோற்றம்: 1830-களின் தொடக்கம், அமெரிக்கா. மறைவு: 16-8-2018, அதே அமெரிக்கா. கீழே போட எங்கள் ஊரில் என் பெயர் ஒன்றுதான் தேறும்.

அந்தச் சொல்லோடு எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம். 2001-ல் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தபோது, வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு மார்மன் சபைப் பையன்கள் என் ரூம் கதவைத் தட்டினார்கள். மீசை சரியாக முளைக்காத வயது, பட்டம் மட்டும் ‘எல்டர்’, அதாவது மூப்பர். ஆறு மாதத்தில் ஞானஸ்நானம் எடுத்தேன். 2012-ல் வெளியே வந்தேன். அங்கே யாரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து நின்றவனுக்கு, அங்கே எல்லோரும் சொல்லும் ‘நான் அறிவேன்’ என்ற சொல் ஒருநாள் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் ஊருக்கு வந்தபோது அத்தை பித்தளை டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தது. சபையில் காபி, டீ இரண்டும் கூடாது. 1833-லிருந்து வரும் போதனை.

“வேண்டாம் அத்தை.”

“ஏன் கண்ணு, சுகரா?”

“இல்ல அத்தை, சபையில சேர்ந்துட்டேன். அங்க காபி குடிக்கக் கூடாது.”

“எந்த சபைடா அது, காபி கூடவா வேண்டாங்குது?”

‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை’ என்று முழுசாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காபியில் ஆடை படிந்துவிட்டது. அத்தைக்குப் பிடிபடவில்லை. சுருக்கமாக “மார்மன் சபை” என்றேன். அத்தை முகம் தெளிந்தது. “மாமன் சபையா? அப்படிச் சொல்லு.” அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது மாமன் சபைதான்.

சொல் பிறந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1830-ல் ஜோசப் ஸ்மித் ‘மார்மன் புஸ்தக’த்தை வெளியிட்டார், ஏப்ரலில் சபை தொடங்கினார். வேண்டாதவர்கள் புத்தகத்தின் பெயரையே கேலிப் பெயராக ஆக்கினார்கள், கேலி ஒட்டிக்கொண்டது. சபை தனக்கு வைத்துக்கொண்ட பெயரோ முதலில் ‘கிறிஸ்துவின் சபை’. 1834-ல் அதைக் கிறிஸ்துவே இல்லாமல் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை’ என்று மாற்றினார்கள். 1838-ல்தான் இரண்டையும் சேர்த்து இன்றைய நீளப் பெயர். நடுவில் அந்த நாலு வருஷம் இருந்ததை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கம் இந்தச் சொல் வந்து 170 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஒரே மாநாட்டில், பலதார மணம் எங்கள் கொள்கை என்று முதல் தடவையாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். உலகமெங்கும் போகச் சொல்லி ஊழியர்களையும் நியமித்தார்கள். அதில் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன் 1853-ல் மதராஸ் வந்து இறங்கினார். அவருக்கு முன்பே பலதார மணச் செய்தி வந்து இறங்கியிருந்தது. பத்திரிகை அடித்துப் பதில் சொல்லிப் பார்த்தார். மறு வருஷமே கப்பல் ஏறிவிட்டார். அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக 1890-ல் சபை அறிவித்தது. பாலன்டைன் கப்பல் ஏறி ஒரு நூற்றாண்டு கழித்து, 1954-ல், கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்ற சிமெண்ட் கம்பெனிக் கணக்கர் சபையின் எழுத்தைப் படித்துவிட்டுத் தாமாகவே கடிதம் போட்டார். ஞானஸ்நானம் கிடைத்தது 1965-ல். கூப்பிட ஆளே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் காத்திருந்த மனிதர். சபையைப் பற்றி நான் எதை நம்பாமல் போனாலும் அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடும்.

இனி மரணத்துக்கு வருகிறேன். 1990 ஏப்ரல் மாநாட்டில் ரசல் நெல்சன் என்ற அப்போஸ்தலர், சபையை அதன் முழுப் பெயரால்தான் அழைக்க வேண்டும் என்று பேசினார். ஆறே மாதத்தில் அடுத்த மாநாட்டில் அவருக்கு மூத்தவரான கார்டன் ஹிங்க்லி, மார்மன் என்றால் ‘மோர் குட்’, அதாவது கூடுதல் நன்மை என்று அர்த்தம் வருகிற மாதிரி வாழுங்கள் போதும் என்றார். விஷயம் அத்தோடு அடங்கியது. 2010-ல் ‘நான் ஒரு மார்மன்’ என்று பெரிய விளம்பர இயக்கமே தொடங்கினார்கள். அடுத்த வருஷம் டைம்ஸ் சதுக்கம் வரை பலகை ஏறியது. 2014-ல் ‘மீட் த மார்மன்ஸ்’ என்று சொந்தப் படமும் வந்தது. 2018-ல் நெல்சன் தலைவர். ஆகஸ்ட் 16-ஆம் தேதி, முழுப் பெயரின் முக்கியத்துவத்தைக் கர்த்தர் தமக்கு உணர்த்தியதாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் இன்னும் ஒரு படி ஏறி, சபையின் பெயரிலிருந்து கர்த்தரின் பெயரை எடுப்பது சாத்தானுக்குப் பெரிய வெற்றி என்றார். உலகப் புகழ் பெற்ற மார்மன் டேபர்னக்கிள் பாடகர் குழு அதே மாதம் பெயரிலிருந்து மார்மனை உதிர்த்தது. புத்தகத்தின் அட்டையில் மட்டும் உயிரை விட்டுவைத்தார்கள்.

பெயரை மாற்றுவது அவரவர் உரிமை. எனக்கு இடிப்பது வேறு. 2011-ல் அந்தப் பலகைக்குப் பணம் கொடுத்தது யார்? சாத்தானா? 1834-ல் கிறிஸ்துவின் பெயரை எடுத்தது? அப்போதெல்லாம் தவறிவிட்டோம் என்று ஒரு வரி வந்திருந்தால் இந்த அஞ்சலியை எழுதியிருக்க மாட்டேன். இந்தப் பழக்கம் புதிதல்ல. 1978 வரை கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு சொல்லிவந்த காரணங்களை ஏற்கவில்லை என்று 2013-ல் எழுதினார்கள்; மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

என் அப்பா மரச்சிற்பக்காரர். ஒரே வாகைக் கட்டையில் பிள்ளையாரையும் திருவாசியையும் சேர்த்தே எடுப்பார். ஒருநாள் கொட்டாப்புளி ஒரு தட்டு கூடிப்போய் தும்பிக்கை நுனி தெறித்துவிட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்து, தெறித்த சில்லைத் தேடி எடுத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டு இழைத்தார். நானே விரலால் தடவிப் பார்த்தும் இடம் தெரியவில்லை. வாங்க வந்தவரிடம் அப்பா முதலில் சொன்னது, “தும்பிக்கை ஒட்டு போட்டதுங்க.” முந்நூறு ரூபாய் குறைத்துத்தான் போனது. எனக்கு எரிச்சல்.

சொல் போனதில் எனக்குச் சொந்த நஷ்டமும் உண்டு. முன்னாள் மார்மன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இனி முன்னாள் பிற்காலப் பரிசுத்தவான் என்று சொல்ல வேண்டும். முன்னாளா பிற்காலமா என்று கேட்பவன் குழம்பிவிடுவான்.

சரியான பெயர் ஒன்றுதான் என்று சாதித்தவர்களைப் பற்றி 2023 பிப்ரவரியில் இன்னொரு செய்தி வந்தது. சபையின் முதலீட்டுக் கிளை, கையிலிருந்த பங்குகளைப் பல வருஷம் 13 பெயரளவுக் கம்பெனிகளின் கணக்கில் காட்டிச் சொத்தின் அளவை மறைத்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. கிளையும் சபையும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கவரில் போட்டு நீட்டியவன் நான். என் கவர் அதில் எந்தப் பெயருக்குள் போயிற்றோ என்று ஒரு கணம் நினைத்தேன். என் பணத்துக்கு அவ்வளவு மரியாதை நடந்திருக்காது.

போன தை மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அதே பித்தளை டம்ளர். எடுத்துக் குடித்தேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தது.

“ஏன் கண்ணு, உன் மாமன் சபை என்னாச்சு?”

“அந்தப் பேரே இப்ப இல்ல அத்தை. மாத்திட்டாங்க.”

அத்தை முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டது:

“ஏன், சீட்டு எதுனாச்சும் நடத்துனாங்களா?”